பெட்ரோல் கசிந்த மண்ணில் ஆவி உறிஞ்சல்: முன்னோட்டச் சோதனையைச் செய்யும் முறை

பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டியோ குழாயோ கசிந்து மண் கெட்டுவிட்டால், அந்த மண்ணைத் தோண்டி எடுக்காமலேயே, அதன் துளைகளில் தங்கியுள்ள எரிபொருள் ஆவியைக் கிணற்றின் வழியாக உறிஞ்சி வெளியேற்ற முடியும். அதற்கான முழு அமைப்பில் பணத்தைப் போடுவதற்கு முன், மண் காற்றை விடுகிறதா, எவ்வளவு தூரம் வரை விடுகிறது, வரும் காற்றில் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது ஆகிய மூன்றையும் ஒரே ஒரு கிணற்றை வைத்து அறிவதே இந்தச் சோதனை.

முதலில் இடம் பொருந்துமா என்று பாருங்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை எளிதில் ஆவியாகும். டீசலின் பெரும்பகுதி அவ்வளவு எளிதாக ஆவியாகாது. என்ஜின் ஆயிலுக்கு இம்முறை பயன்படாது. மணற்பாங்கான மண் நல்லது, இறுகிய களிமண் கடினம். நிலத்தடி நீர் ஒரு மீட்டருக்குள் இருந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடலாம். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் நடந்ததுபோல எரிபொருள் ஆழ்துளைக் கிணற்று நீர்வரை போய்விட்ட இடங்களில், நீரின்மேல் மிதக்கும் எரிபொருளையும் இறைக்க வேண்டியிருக்கும் என்பதால், ஆவியை மட்டும் உறிஞ்சுவது போதாது.

அடுத்தது கிணறு. 5 அல்லது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில், எரிபொருள் படிந்த ஆழத்தில் மட்டும், நீர்மட்டத்துக்கு மேலே, துளையிட்ட பகுதி அமைய வேண்டும். அதைச் சுற்றிப் பருமணலை நிரப்பி, மேலே பெண்டோனைட் களிமண்ணை நனைத்து அடைத்து, அதன்மேல் சிமென்ட் இடுங்கள். இந்த அடைப்பு சரியில்லாவிட்டால் தரையின் மேலுள்ள காற்றே குறுக்கு வழியில் கிணற்றுக்குள் புகுந்துவிடும். குழாய்களை மரையால் இணையுங்கள், பசையால் ஒட்டாதீர்கள்; பசையிலுள்ள கரைப்பான் ஆவியையும் ஆவியை அளக்கும் கருவி எரிபொருள் ஆவியாகவே கணக்கிடும். கிணற்றிலிருந்து 1.5, 3, 6, 12 மீட்டர் தொலைவுகளில், வெவ்வேறு திசைகளில், அதே ஆழத்துக்குச் சிறு கண்காணிப்புக் குழாய்களை இறக்குங்கள்.

கிணற்றை அடுத்து வெற்றிட (உறிஞ்சும் அழுத்த) அளவியும் மாதிரி எடுக்கும் வாயும் காற்றோட்ட அளவியும் வர வேண்டும். அவற்றுக்குப் பிறகே வெளிக்காற்றைக் கலக்கும் வால்வு, ஈரத்தைப் பிரிக்கும் கலம், காற்றை இழுக்கும் புளோயர், ஆவியைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய டிரம் ஆகியவை வரிசையாக வரும். இந்த வரிசை மாறினால், வெளிக்காற்று கலந்த ஆவியை அளந்துவிட்டு மண் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் தீப்பற்றும். ஆகவே புளோயருக்கு, உள்ளே எழும் தீ வெளியே பரவாத ஃபிளேம்புரூஃப் மோட்டாரே வேண்டும். புளோயருக்குள் நுழையும் ஆவியை 1.4 விழுக்காட்டின் கால் பங்குக்குள் வெளிக்காற்றால் தணித்து வைக்க வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் படி ஒன்று உண்டு: புளோயரை ஓட்டும் முன், ஒரு முழு நாள் கண்காணிப்புக் குழாய்களின் அழுத்தத்தைக் குறித்து வைப்பது. நம் வெப்பமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் காலை பத்து மணியளவில் உயர்ந்து மாலை நான்கு மணியளவில் தாழ்கிறது; மண்ணுக்குள் உள்ள காற்று அந்த மாற்றத்தைத் தாமதமாகவே பின்தொடர்கிறது. ஒரு பலகையில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்துக் கட்டி, நிறமேற்றிய நீரை ஊற்றி, ஒரு முனையைக் கண்காணிப்புக் குழாயில் செருகிப் பாருங்கள்: எந்த இயந்திரமும் ஓடாதபோதே நீர் சில மில்லிமீட்டர் ஏறி இறங்கக்கூடும். புளோயர் ஓடும்போது இக்குழாய்களில் நாம் தேடும் வெற்றிட அளவே 2.5 மில்லிமீட்டர் நீர் உயரம்தான் என்பதால், இந்த இயல்பான அசைவைக் கழிக்காத கணக்கு செல்லாது.

இப்போது கலப்பு வால்வை முழுவதும் திறந்துவிட்டுப் புளோயரை இயக்குங்கள். வால்வைச் சிறிது சிறிதாக மூடி, மூன்று நான்கு நிலைகளில், அளவுகள் நிலைபெற்ற பிறகு வெற்றிடத்தையும் காற்றோட்டத்தையும் குறியுங்கள். வெற்றிடத்தைக் கூட்டியும் காற்றோட்டம் கூடவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கிணற்றில் 50 சென்டிமீட்டர் நீரளவு (நீரை அவ்வளவு உயரம் ஏற்றக்கூடிய) வெற்றிடம் இருந்தால், அடியிலுள்ள நீர்மட்டமும் ஏறத்தாழ அதே அளவு மேலே ஏறித் துளைகளை மூடிவிடும்.

பொருத்தமான ஒரு நிலையைத் தேர்ந்து, சில நாட்கள் மாற்றாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு குழாயின் வெற்றிடத்தை மடக்கை (லாக்) அளவிலும், தொலைவை இயல்பான அளவிலும் வரைந்தால் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமையும். அந்தக் கோடு 0.25 சென்டிமீட்டர் நீரளவைத் தொடும் தொலைவைச் செல்வாக்கு ஆரம் என்பார்கள். நான் அதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வேன், ஏனெனில் வெற்றிடம் தெரிவதால் மட்டும் அங்கே போதிய காற்று நகர்கிறது என்று ஆகிவிடாது.

ஆவியின் செறிவில்தான் ஏமாற்றம் அதிகம். முதல் மணி நேரத்தில் வருவது பல காலமாகத் துளைகளில் தேங்கிக் கிடந்தது. காற்றோட்டம் நிமிடத்துக்கு 1 கனமீட்டர், செறிவு கனமீட்டருக்கு 40 கிராம் என்றால், நாளொன்றுக்கு 57.6 கிலோ வெளியேறுவதாகக் கணக்கு வரும். மூன்றாம் நாள் செறிவு 5 கிராமாக இறங்கினால் அது 7.2 கிலோதான். முழு அமைப்பின் வடிவமைப்புக்கு இரண்டாவது கணக்கையே எடுங்கள்.

நிறுத்திய பின் கிணற்றை மூடி, இரண்டு நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். செறிவு திரும்பவும் வெகுவாக ஏறியிருந்தால், காற்று நுழையாத களிமண் அடுக்குகளிலோ ஈரப் பகுதிகளிலோ எரிபொருள் இன்னும் இருந்து மெல்லக் கசிகிறது என்று பொருள். அத்தகைய இடத்தில் புளோயரை இடைவிடாமல் ஓட்டுவதைவிட, விட்டுவிட்டு ஓட்டுவது மின்செலவைக் குறைக்கும்.