கன்ஃபோக்கல் வாங்கியாச்சு, அப்புறம்?

மருத்துவக் கல்லூரிகளில் பொது நுண்ணோக்கி மையம் தொடங்கும் பேச்சு அநேகமாக மார்ச் மாத நெருக்கடியில்தான் வருகிறது. கிராண்ட் பணம் காலாவதியாகப் போகிறது, எந்த கன்ஃபோக்கல் (லேசரால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண்ணோக்கி) வாங்கலாம்? முதல் தவறு அந்தக் கேள்விதான். நாளுக்கு நூறு திசு ஸ்லைடு பார்க்கும் நோயியல் துறைக்குத் தேவை, முழு ஸ்லைடையும் தானே படமெடுக்கும் ஸ்லைடு ஸ்கேனர். உயிருள்ள செல்லை இரவு முழுக்கப் படம்பிடிப்பவருக்கு 37 டிகிரி சூடும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் தரும் சின்ன அறை நுண்ணோக்கியோடு சேர்ந்தே வர வேண்டும். டெண்டருக்கு முன் ஒவ்வொரு துறையையும் சொந்த ஸ்லைடோடு டெமோவுக்கு வரச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர் கொண்டுவரும் ஸ்லைடு எந்த மெஷினிலும் அழகாகத்தான் தெரியும்! வருடத்துக்கு இரண்டு முறை தேவைப்படும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை வாங்கவே வேண்டாம். சென்னை ஐஐடியின் சைஃப் (பொது ஆய்வுக் கருவி மையம்) போன்ற மையங்கள் வெளி மாதிரிகளையும் கட்டணத்துக்குப் பார்த்துத் தருகின்றன. வேறு எங்கே என்ன கருவி இருக்கிறது என்று, நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம்.

அடுத்து, அறை. லிஃப்டுக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது என்று கொடுப்பார்கள், மறுத்துவிடுங்கள்; அதிர்வில் படம் ஆடும். தரைத்தளம் நல்லது. ஏசிக் காற்று நேராக ஸ்டேஜில் (ஸ்லைடு வைக்கும் மேடையில்) அடித்தால் ஃபோகஸ் நகர்ந்துகொண்டே போகும். கரண்ட் செலவை நினைத்து இரவில் ஏசியை அணைத்தால், நம் கடலோர ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் பெரும்பாலும் ஆள் வந்து பார்ப்பார், பாகத்துக்குத் தனிக் காசு. சிஎம்சியில் (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பாகமும் சேரும். லேசர் போன பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. வாரண்டிக்குப் பிந்தைய ஐந்து வருட சிஎம்சி விலையை டெண்டரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆனால் நான் பார்த்ததில் பெரிய தவறு ஆள் விஷயத்தில்தான் நடக்கிறது. கோடி ரூபாய் மெஷினை, யாருக்கு நேரம் இருக்கிறதோ அந்த ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைப்பது. அவர் கற்றுத் தேறும்போது தீசிஸ் முடிந்து போய்விடுவார். நான் இருந்த ஒரு ஆய்வகத்தில் அப்படி ஒருவர் போன மறுவாரமே, ஆயில் தொடக் கூடாத 40எக்ஸ் உலர் லென்ஸை யாரோ ஆயிலில் முக்கிவிட்டார்கள். மூன்று மாதம் எல்லோருடைய படமும் மங்கல். “லேசர் வீக் ஆயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், லென்ஸைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நிரந்தரச் சம்பளத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மாதம் ஒருமுறை ஒரே சோதனை ஸ்லைடை ஒரே செட்டிங்கில் படமெடுத்து வைப்பது, புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிய பிறகே சாவி கொடுப்பது எல்லாம் அவருடைய வேலை. ஸ்டோரில் மலிவாக வந்த கவர்ஸ்லிப்பை (ஸ்லைடில் மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியை) திருப்பி அனுப்புவதும்தான். நல்ல லென்ஸ்கள் பெரும்பாலும் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்காகச் செய்யப்பட்டவை. தடிமன் மாறினால் படம் கெடும், பழி மெஷின் மேல் விழும்.

படங்களை எங்கே வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 2048-க்கு 2048 புள்ளி, 16 பிட் படம் ஒன்று சுமார் 8 எம்பி. நான்கு நிறம், 30 அடுக்கு என்றால் ஒரு சுற்றுக்கு 1 ஜிபி. பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றாக 12 மணி நேரம் ஓடினால் 72 ஜிபி. ஒரே மாணவர், ஒரே இரவு. மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் நிரம்பியதும் பென்டிரைவ் வரும், கூடவே வைரஸும் வரும். இடம் போதாமல் ஜேபெக்காகச் சேமித்தவர்களும் உண்டு. அதில் ஒளியின் அளவு மாறிவிடும் என்பதால் பிறகு எதையும் நம்பி அளக்க முடியாது. சர்வர் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

கடைசியாக, கட்டணம். இலவசம் என்றால் வாரம் முழுக்க புக் செய்துவிட்டு வர மாட்டார்கள். மணிக்கு ஒரு சின்னத் தொகை வையுங்கள். வராதவருக்கும் பில் போகட்டும்.