கடலோர ஊரை ‘சுனாமி ரெடி’ ஆக்குவது எப்படி

இந்தோனேசியாவின் சுமத்ரா பக்கம் நிலம் குலுங்கினால் நம் குமரி மாவட்டக் குளச்சலில் பலருக்கு அது தெரியவே தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு வந்தது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்ல ஆளில்லாமல் அந்த நேரம் முழுவதும் வீணானது. இன்று ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்திய அரசின் கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. அதுவும் இந்தோனேசிய, ஆஸ்திரேலிய மையங்களும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் ஒருங்கிணைக்கும் ஏற்பாட்டில் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குத் தகவல் தருகின்றன. இத்தனை நாடுகளின் உழைப்பில் வரும் எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டுபோவது ஊரின் வேலை. அதற்கு அந்த ஆணையம் வகுத்த திட்டம்தான் ‘சுனாமி ரெடி’. மொத்தம் 12 அளவுகோல்கள். ஒடிசாவின் வெங்கட்ராய்பூரும் நோலியாசாகியும் 2020-ல் இந்த அங்கீகாரம் பெற்றன. 2024-ல் அதே மாநிலத்தில் மேலும் 24 ஊர்கள் பெற்றன. நம் ஊர்களாலும் முடியும்.

முதலில் குழு. ஊராட்சித் தலைவர், தேவாலயப் பங்குப்பேரவை, ஜமாஅத், கோயில் நிர்வாகம், மீனவர் சங்கம், கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், கிராம செவிலியர் எல்லோரும் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களில் ஆண்கள் பலர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார்கள். அலை வரும் நாளில் ஊரை நடத்தப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

அடுத்தது வரைபடம். கடல்நீர் எதுவரை ஏறும் என்ற கணிப்பு வரைபடத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு வழியாக இன்காய்ஸிடம் கேளுங்கள். 2004-ல் தண்ணீர் எந்தச் சுவர்வரை நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு அதன்மேல் குறியுங்கள். பிறகு வீடு வீடாகக் கணக்கு எடுங்கள்: படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, காது கேளாதவர். ஒவ்வொருவரையும் தூக்கிச்செல்ல இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பாதையைக் காகிதத்தில் முடிவுசெய்யாதீர்கள். ஊரிலேயே மெதுவாக நடக்கும் பாட்டியோடு கரையிலிருந்து மேடான இடம்வரை நடந்து நேரம் குறியுங்கள். கரையை ஒட்டிய பழைய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் ஓடும் ஊர்களில் கால்வாயைத் தாண்டும் பாலம்தான் இக்கட்டு. அகலம் குறைந்த பாலத்தில் ஒரு ஆட்டோ நின்றாலே கூட்டம் தேங்கிவிடும். ஆகவே நடை மட்டும், வண்டி கூடாது. மணக்குடி போன்ற பொழிமுகங்களில், அதாவது ஆறு கடலில் சேரும் இடங்களில், ஆற்றங்கரை வழியைத் தவிருங்கள். அலை ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறும், 2004-ல் மணக்குடிப் பாலத்தையே அது பெயர்த்துவிட்டது. மேட்டுக்குப் போகும் சந்துகளில் வலையும் வள்ளமும் கிடக்கக்கூடாது.

அதிகம் கோட்டைவிடுவது அறிவிப்பில். தகவலை வாங்க மூன்று தனித்தனி வழிகள் வேண்டும்: மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் (1077) அழைப்பு, கைப்பேசியில் பேரிடர் எச்சரிக்கை தரும் ‘சசேத்’ செயலி, கரையில் படகுகளோடு பேசும் ஒரு விஎச்எஃப் வயர்லெஸ். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் தூங்கும்போது ஊரும் தூங்கும். இரவு முறை வைத்துப் பிரியுங்கள். பரப்புவதற்குக் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளே நம்மிடம் உள்ள நல்ல கருவி. ஆனால் மின்சாரம் போனால் அவை ஊமை. ஆகவே பேட்டரி வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் முழுச் சத்தத்தில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவிட்டால் ஐந்து மணி நேரம் வரும். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை துடைத்து வாசலின் தடவுங்கள். தேவாலய மணிக்கூண்டுச் சாவி மூன்று வீடுகளில் இருக்கட்டும். துக்க மணியிலிருந்து மாறுபட்ட ஒலி அடியுங்கள், இல்லாவிட்டால் யார் இறந்தது என்று கேட்டுக்கொண்டு சனம் நிற்கும்.

அறிவிப்பை முன்கூட்டியே எழுதி ஒலிப்பதிவு செய்து வையுங்கள்: “கடல் ஏறப் போகுது. எல்லாரும் இப்பவே பள்ளிக்கூட மேட்டுக்கு நடங்க. வண்டி எடுக்காதீங்க. படகைப் பாக்கப் போகாதீங்க. நாங்க சொல்லும் வரை திரும்பி வராதீங்க.” கடைசி வரி முக்கியம். முதல் அலையைவிட அடுத்தது பெரிதாக இருக்கலாம், இடைவெளி ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆழ்கடலில் இருக்கும் படகுகளுக்குத் தனிச் செய்தி: துறைமுகத்துக்குத் திரும்பாதீர்கள், ஆழத்திலேயே நில்லுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை கட்டாயம். இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘ஐஓ வேவ்’ பயிற்சியோடு இணைத்தால் ஐதராபாத்திலிருந்து உங்கள் சந்துவரை முழுச் சங்கிலியும் சோதிக்கப்படும். தகவல் வந்த நிமிடம், ஒலிபெருக்கி பேசிய நிமிடம், கடைசி ஆள் மேட்டை அடைந்த நிமிடம் மூன்றையும் எழுதுங்கள். இடையில் கள்ளக்கடல் (எங்கோ தொலைவில் எழுந்து, இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை வரும் நாட்களையும் பயிற்சியாக்காமல் விடாதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். அதே தொலைபேசி வரிசை, அதே ஒலிபெருக்கி, கரையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்து.

வழிகாட்டிப் பலகைகள், வருடம் மூன்று விழிப்புணர்வு நிகழ்ச்சிகள், அவசரத் திட்டம் எல்லாம் ஆனபின் மாவட்டம் வழியாக, மாநிலம் வழியாகத் தேசிய சுனாமி ரெடி வாரியத்துக்கு விண்ணப்பம் போகும். அங்கீகாரம் நான்கு ஆண்டுக்கு. ஆனால் தொலைபேசிப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள், எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.