டெய்சி பிளேயருக்குக் கார்டும் பேட்டரியும் மாற்றப் போகிறீர்களா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கோயம்புத்தூர் கிட்டம். பார்வையற்றவர்கள் புத்தகம் கேட்கிற மெஷினான டெய்சி பிளேயருக்கு மெமரி கார்டோ பேட்டரியோ வேண்டுமென்றால், அந்தப் பக்கம் போகிற தம்பியிடம் காசைக் கொடுத்து, "இருக்கிறதிலேயே பெருசா வாங்கிட்டு வாப்பா" என்று சொல்லிவிடுகிறோம். மெஷின் வீட்டிலேயே இருக்கும். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. வாங்கியது சேரவில்லை என்றால் மறுபடியும் வேலந்தாவளம் தாண்டிப் போக வேண்டும். புத்தகம் கேட்கிறவரே மெஷினோடு போய், கடையிலேயே போட்டு, காதால் கேட்டு வாங்குவதுதான் சரி.

கார்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி, அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, அதையும் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி. தடவிப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஆனால் எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே புரியும். 64 ஜிபி கார்டைப் போட்டதும் மெஷின் 'கார்டு இல்லை' என்றால், உடனே ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கார்டைப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் மெஷினில் குறை இல்லை.

அவ்வளவு இடம் தேவைதானா என்றும் யோசிக்க வேண்டும். 64 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்த எம்பி3-யில் ஒரு மணி நேர ஒலிக்கு சுமார் 29 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா போன்ற இணைய நூலகங்களில் எழுத்து வடிவில் கிடைக்கும் டெய்சி புத்தகங்களுக்கு இடம் இதைவிடக் குறைவாகவே பிடிக்கும்.

விலை மலிவாக 512 ஜிபி என்று விற்கிற கார்டுகளை நம்பவே வேண்டாம். உள்ளே கொஞ்சம் இடமே இருக்கும், வெளியே பெரிய எண் காட்டும். எல்லாம் காப்பி ஆன மாதிரியே தெரியும். கேட்கும்போது பாதிப் புத்தகத்தில் குரல் அறுந்துபோகும். புதுக் கார்டு எதுவானாலும் முழுக்க நிரப்பி, முதல் புத்தகத்தையும் கடைசிப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். அதுவரை பழைய கார்டை அழிக்காதீர்கள்.

அப்புறம் பேட்டரி. '3.7 வோல்ட், சைஸும் சரியா இருக்கு' என்று செல்போன் பேட்டரியை வைத்துக் கொடுப்பது ஆபத்தான வேலை. பல பேட்டரிகளில் கூட்டல், கழித்தல் முனைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு முனை இருக்கும். பேட்டரியின் சூட்டையோ வகையையோ மெஷின் அதன் வழியாகத்தான் அறிகிறது. அது பொருந்தாவிட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம். சூடு ஏறுவது தெரியாமல் ஏறிக்கொண்டே போகவும் செய்யலாம். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கண் வேண்டியதில்லை. கழற்றிச் சமமான மேசையில் படுக்கவைத்து, ஒரு மூலையை விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல பேட்டரி தேய்ந்து நின்றுவிடும். உப்பியது நடுவயிற்றில் நின்று பம்பரமாகச் சுற்றும். அதை அமுக்கவும் கூடாது, திரும்ப மாட்டவும் கூடாது.

சி-டைப் மெஷின் புதிய சார்ஜரில் ஏறவில்லையா? இரு முனையும் சி-டைப்பாக உள்ள கேபிளை விட்டுவிட்டு, ஒரு முனை பழைய யூஎஸ்பியாக உள்ள கேபிளில் முயன்று பாருங்கள். பல நேரம் அதிலேயே ஏறிவிடும்.

பெரிய எஸ்டி ஸ்லாட் உள்ள மெஷினுக்கு அடாப்டரில் செருகிய மைக்ரோ கார்டு வேண்டாம். பையில் குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். முழு அளவுக் கார்டே வாங்குங்கள். அதன் ஓரத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும். கார்டைச் செருகும்போது அது நகர்ந்துவிட்டால் புத்தகம் பாடும், ஆனால் கார்டில் எதுவும் பதிவாகாது. 'ரெக்கார்டிங் கெட்டுப்போச்சு' என்று கடைக்கு எடுத்துப்போகும் முன், நகத்தால் அந்தப் பூட்டைத் தள்ளிப் பாருங்கள்.