இசைத்தட்டின் மேல் ஒரு ரூபாய்: உராய்வுக் கணக்கில் தவறும் இடங்கள்

மும்பை மாட்டுங்காவில் என்னிடம் பதினோராம் வகுப்பு இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரு சோதனை உண்டு. சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கிய பழைய ரெக்கார்டு பிளேயரின் தட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சுழலவிடுவேன். நாணயத்தின் மீது உராய்வு எந்தப் பக்கம்? அம்புக்குறி வரையச் சொன்னால், நாணயம் போகும் திசைக்கு எதிராக வரைவார்கள்.

"உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்" என்று மனப்பாடம் செய்ததன் வினை இது. தட்டின் மேல் வழுக்குவதைத்தான் உராய்வு தடுக்கிறது. தன் போக்கில் விட்டால் நாணயம் தொடுகோட்டில் நேராகப் போய்விடும். அதை வளைத்து வட்டத்தில் வைத்திருப்பது உராய்வு. ஆகவே சீரான வேகத்தில் அம்பு மையத்தை நோக்கியே இருக்கும். தட்டு வேகமெடுக்கும் ஓரிரு நொடிகளில் மட்டும் முன்னோக்கிய கூறு ஒன்றும் சேரும்.

அடுத்த தவறு இன்னும் பிடிவாதமானது. உராய்வு என்றதுமே குணகத்தை (இரு பரப்புகளுக்கு இடையிலான பிடிமானத்தைக் குறிக்கும் எண்) செங்குத்து விசையால் (தட்டு நாணயத்தை மேல்நோக்கித் தாங்கும் விசை) பெருக்கிவிடுவது. அது உச்ச வரம்பு. ஓய்வுநிலை உராய்வு, அதாவது வழுக்காதவரை இருக்கும் உராய்வு, தேவைப்படும் அளவே தலைகாட்டும். குணகம் 0.3 என்று கொள்வோம். அதிகபட்சம் கிடைக்கும் முடுக்கம், குணகத்தைப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8ஆல் பெருக்கினால், 2.94 மீ/வி². மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்த நாணயத்துக்கு, நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் தேவை வெறும் 0.61. ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகிறது. 78 சுற்றுக்கு மாற்றினால் தேவை 3.34, நாணயம் வழுக்கும். 4.4 செ.மீ.க்குள் வைத்தால் தப்பிக்கும்.

கனமான நாணயம் கெட்டியாக நிற்கும் என்பதும் பொய். தேவைப்படும் விசையும் உராய்வின் வரம்பும் நிறைக்கேற்பவே கூடுவதால், சமன்பாட்டில் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. (சோதிப்பவர்கள் எல்லா நாணயத்துக்கும் அடியில் ஒரே காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். உலோகம் மாறினால் குணகமும் மாறும்.)

பொருளை வட்டத்தில் வைத்திருக்க மையத்தை நோக்கி இழுக்கும் மையநோக்கு விசை என்பது ஒரு பதவி. இங்கே அந்த நாற்காலியில் இருப்பது உராய்வு. மையநோக்கு விசையைத் தனி விசையாக வரைந்து, எதிரே வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசையையும் வரைந்து, "இரண்டும் சமம்" என்று எழுதினால், நிகர விசை சுழியான பொருள் ஏன் வளைய வேண்டும்? தட்டோடு சுழல்பவரின் பார்வையில் மட்டுமே மையவிலக்கு விசைக்கு இடம் உண்டு.

கடைசியாக அலகு. நிமிடத்துக்கு 78 சுற்று என்பதைக் கோண அலகான ரேடியனுக்கு மாற்றினால் நொடிக்கு 8.17. மாற்றாமல் போட்ட ஒரு பையனுக்கு நாணயம் வழுக்காமல் நிற்கும் எல்லை அரை மில்லிமீட்டர் என்று வந்தது. தட்டின் நடுவே நிற்கும் கம்பியே அதைவிடப் பருமன். அவனோ விடைக்கடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தான்.