பறக்கும்போது ரேடியோ நின்றுவிட்டால்: கையடக்க ரேடியோவைத் தயாராக வைத்திருக்கும் முறை

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் பழுதானாலும் எஞ்சின் நிற்பதில்லை. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோக்கள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. ஆனால் பேட்டரியில் எஞ்சிய மின்சாரம் தீர்ந்ததும், விமானியின் முன்பலகையில் உள்ள ரேடியோக்களும், விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் அணைந்துவிடும். அத்தகைய வேளைக்காகவே அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுவோர் பலர் பையில் ஒரு கையடக்க ரேடியோவை வைத்திருக்கிறார்கள். ஆனால், வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அதை வைத்திருந்தால், தேவைப்படும் நேரத்தில் அது பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது ஹெட்செட் இணைப்பு. எஞ்சின் ஓடும் விமானத்தின் உள்ளே, கையடக்க ரேடியோவின் சிறிய ஒலிபெருக்கியில் வரும் குரலைப் புரிந்துகொள்வது மிகக் கடினம். அதன் மைக்கில் பேசினால் எதிர்முனைக்கும் எஞ்சின் இரைச்சலே மிகுதியாகப் போய்ச் சேரும். ஆகவே நீங்கள் அன்றாடம் அணியும் ஹெட்செட்டின் இரு பிளக்குகளையும் ரேடியோவுடன் இணைக்கும் அடாப்டர் கம்பியை அதனுடனேயே வாங்கிவிடுங்கள். பேசும் பொத்தானைத் தனியாக ஒரு கம்பியில் தரும் அடாப்டராக இருந்தால், அந்தப் பொத்தானை வெல்க்ரோ பட்டையால் விமானத்தைத் திருப்பும் கைப்பிடியில் கட்டிக்கொண்டு, ரேடியோவை மடியில் வைத்தபடியே விமானத்தை ஓட்டலாம். விலை உயர்ந்த ரேடியோவைத் தேடுவதற்கு முன் இந்தக் கம்பிக்குச் செலவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ஆன்டெனா. இந்த ரேடியோக்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், பலகை ரேடியோவைப் போலவே ஏஎம் முறையில் இயங்குகின்றன. அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 1.5 வாட், பலகை ரேடியோவுக்கோ 10 வாட் அளவில் இருக்கும். ஆனால் 3,000 அடி உயரத்தில் தடையற்ற நேர்ப்பார்வை கிடைப்பதால், ஆற்றல் குறைவு அவ்வளவு பெரிய குறையன்று. குட்டையான ரப்பர் ஆன்டெனா விமானத்தின் உலோகக் கூண்டுக்குள் அடைபட்டிருப்பதுதான் உண்மையான தடை. வசதியுள்ளவர்கள், விமானத்தின் வெளிப்புற ஆன்டெனாக்களில் ஒன்றின் கம்பியைப் பலகையில் ஒரு துளை வரை கொண்டுவரும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். அந்தத் துளையில் பிளக்கைச் செருகியவுடன் பலகை ரேடியோ துண்டிக்கப்பட்டு, கையடக்க ரேடியோ அந்த ஆன்டெனாவைப் பெறும் வகையில் அது அமைய வேண்டும். சாதாரண டி-இணைப்பைப் போட்டு இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டால், ஒன்றின் ஒலிபரப்பு மற்றதன் உள்வாங்கும் பகுதியைக் கெடுத்துவிடும். இந்த வசதி இல்லாதவர்கள் ஆன்டெனாவைச் செங்குத்தாக, விமான நிலையம் இருக்கும் பக்கத்து ஜன்னலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். குரல் தேய்ந்தால், அந்த ஜன்னல் நிலையத்தைப் பார்க்கும்படி விமானத்தைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் தெளிவாகும்.

பேட்டரியை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கோடை வெயிலில் விமானத்துக்குள்ளேயே விட்டுவைக்கப்படும் லித்தியம் பேட்டரி விரைவில் வலுவிழக்கும். சில மாடல்களுக்குச் சாதாரண ஏஏ பேட்டரிகளைப் போடும் தட்டும் கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதால் அதுவே நல்ல மாற்று. உங்கள் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், தரைக் கட்டுப்பாடு, வானிலைப் பதிவு ஆகியவற்றின் அலைவரிசைகளையும் அவசர அலைவரிசையான 121.5-ஐயும் நினைவகத்தில் பதிந்து வையுங்கள்.

பேச்சு நின்றதும் உடனே கையடக்க ரேடியோவை எடுக்க வேண்டாம். ஒலியளவு, ஆடியோ பலகையின் தேர்வு, பாதி கழன்ற ஹெட்செட் பிளக், இரண்டாவது ரேடியோ ஆகியவற்றை முதலில் பாருங்கள். டிரான்ஸ்பாண்டர் உயிருடன் இருக்கும்போதே ரேடியோ பழுது என்பதைத் தெரிவிக்கும் 7600 என்ற குறியீட்டை இட்டுவிடுங்கள். பிறகு கோபுரத்தை அழைத்து, விமானத்தின் அடையாளம், இருக்குமிடம், மின்சாரம் போய்விட்டது என்ற செய்தி, தரையிறங்க விரும்புவது ஆகியவற்றை ஒரே மூச்சில் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒலிபரப்பும்போதுதான் பேட்டரி வேகமாகக் கரையும். பதில் மங்கலாக வந்தால் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்துவிட்டு, இரைச்சலுக்கு நடுவே கேளுங்கள்.

எதுவும் கேட்கவில்லையெனில் கோபுரத்தின் ஒளிச்சைகையைப் பார்க்க வேண்டியதுதான்: காற்றில் இருக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் தரையிறங்க அனுமதி, நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், மின்னும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்கக் கூடாது. அமெரிக்காவில் பெரும்பாலான பொது விமான நிலையங்களுக்குக் கோபுரமே கிடையாது என்பதால், பார்வை விதிகளில் (வெளியே கண்ணால் பார்த்தே) பறப்பவர் அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்து, வழக்கமான சுற்றுப்பாதையில் விழிப்புடன் நுழைவதும் நல்ல முடிவே.

இவை அனைத்தையும் தெளிவான வானிலையில், பயிற்சியாளர் அருகிருக்க ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்: பலகை ரேடியோவை அணைக்காமல் ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, கோபுரத்திடம் முன்கூட்டியே சொல்லி, பத்து மைல் தொலைவிலிருந்து கையடக்க ரேடியோவில் அழைத்துப் பாருங்கள். எந்த ஜன்னலில் குரல் தெளிவாக இருந்தது, எவ்வளவு தூரத்தில் அறுந்தது என்பதைக் குறித்து, அந்தத் தாளை ரேடியோவின் பையிலேயே வையுங்கள்.