கார் கறள் பிடிக்காமல் காக்கும் மின்னணுப் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்ராறியோவில் புதுக் கார் வாங்கப் போனால், விலை பேசி முடிந்த பிறகு இன்னொரு அறைக்குக் கூட்டிப் போவார்கள். கடன் பத்திரங்களில் கையெழுத்து வைக்கும் அந்த மேசையில்தான் கறளைத் தடுக்கும் மின்னணுப் பெட்டி பற்றிய பேச்சு வரும். பற்றறியில் இரண்டு வயர், காரின் தகட்டில் ஒட்டும் ஒன்றிரண்டு பட்டை, அவ்வளவுதான். எண்ணெய் மணம் இல்லை, வருடா வருடம் அலையவும் தேவையில்லை என்பார்கள். விலை சில நூறு டொலரில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். மாதத் தவணைக்குள் கரைந்துவிடுவதால் அது பெரிதாகத் தெரியாது. அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பலர் ஏமாறுவது தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்துத்தான். உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து, ஒன்றை மட்டும் கருவியோடு இணைத்துக் காட்டுவார்கள். இணைக்காத தகடு கறள் பிடிக்கும், மற்றது பளபளவென்று இருக்கும். அதில் பொய் இல்லை. 1824 இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக்கு இதைத்தான் செய்து காட்டினார். கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகட்டோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்ததும் செம்பு அரிபடுவது நின்றது. (செம்பு கரையாமல் போனதும் சிப்பியும் பாசியும் வந்து ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. அது வேறு கதை.) நிலத்தடி எண்ணெய்க் குழாய்களுக்கும் துறைமுகத் தூண்களுக்கும் இன்றும் இதே முறைதான்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காப்பாற்ற வேண்டிய இரும்பும், மின்னோட்டத்தைக் கொடுக்கும் முனையும் ஒரே தண்ணீரில் அல்லது ஒரே ஈர மண்ணில் கிடக்க வேண்டும். அந்த ஈரத்தின் வழியாகத்தான் சுற்று முழுமையடையும். தெருவில் ஓடும் கார் அப்படி இல்லை. கதவின் அடியில் நாலு துளி, பின் சில்லுக்கு மேலே, பனி உருகத் தெருவில் தூவும் உப்புக் கலந்த ஒரு பிடி சேறு, இடையில் எல்லாம் காய்ந்த தகடு. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக இரும்பை அரிக்கிறது. பொனற்றுக்குக் கீழே இருக்கும் பெட்டியால் அந்தத் துளியை எட்ட முடியாது. உடல் முழுவதும் இலத்திரன்களை நிரப்புகிறோம் என்று சிலர் சொல்வார்கள். இன்றைய கார்களின் உடல் ஏற்கெனவே பற்றறியின் எதிர் (மைனஸ்) முனையோடுதான், அதாவது இலத்திரன்கள் வரும் முனையோடுதான், இணைந்திருக்கிறது. அப்படியிருந்தும் கறள் பிடிக்கிறதே!

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இப்படியொரு கருவியை விற்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 1996 இல் அதன் தலைவர் வாடிக்கையாளர்களுக்காக 2 லட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. இருந்தும் வேறு வேறு பெயர்களில் இதே வகைப் பெட்டிகள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்த தவறு, ஐந்து வருடம் கழித்துக் கதவைத் தடவிப் பார்த்து "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டுவது. உண்மையில் மின்சாரம் உங்கள் காரை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது, ஆனால் தொழிற்சாலையில். துத்தநாகம் பூசிய தகடுகளால் செய்த முழு உடலையும் பெயின்ற் தொட்டிக்குள் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, இடுக்கெல்லாம் முதல் பூச்சைப் படிய வைக்கிறார்கள். அங்கே உடல் முழுவதும் திரவத்துக்குள் இருக்கிறது, அதனால் அது வேலை செய்கிறது. பெட்டி இல்லாத பக்கத்து வீட்டுக் காரின் கதவும் ஐந்து வருடத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, உத்தரவாதம் தருகிறார்களே என்றால், முழுவதையும் வாசியுங்கள். பெரும்பாலும் வெளித் தகட்டில் உள்ளிருந்து ஓட்டை விழுந்தால் மட்டும் என்று இருக்கும். கல் பட்ட இடத்துக் கறள் சேராது. அடிச்சட்டமும் பிரேக் குழாயும் சேராது. வருடாந்தப் பரிசோதனையைத் தவறவிட்டால் எல்லாமே போய்விடலாம். பழைய காரை விற்க வேண்டிய நாளில், பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பார்ப்பவர் முதலில் தேடுவது அந்த அடிச்சட்டத்தையும் பிரேக் குழாயையும்தான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. பெட்டி இருக்கிறதே என்று எண்ணெய் அடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன், மெல்லிய எண்ணெயை அடியிலும் கதவுகளின் உள்ளேயும் அடிப்பது பழைய முறை. சில நாள் சொட்டும், மணக்கும். ஆனால் அது இடுக்குக்குள் ஊறி உப்புத் தண்ணீரை இரும்பிலிருந்து விலக்கி வைக்கிறது. அதற்குப் பதிலாகத் தார் போன்ற தடித்த கறுப்புப் பூச்சை, அதுவும் ஏற்கெனவே கறள் பிடித்த இடத்தின் மேல், அடிப்பதும் தவறுதான். பூச்சு வெடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கு. மண்ணும் இலைத்தூளும் அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் எடுத்துவிடுங்கள். பின் சில்லுக்கு மேலே, தகடு உட்பக்கம் மடிந்திருக்கும் விளிம்பில் விரலை வைத்து ஒருமுறை வழித்துப் பாருங்கள். ஏப்ரலில் கூட உப்புச் சேறு கையில் வரும். கழுவும்போது மேலே மினுங்கினால் போதும் என்று விடாமல் அடியையும் கழுவ வேண்டும். உப்பும் ஈரமுமாக வந்த காரைச் சூடேற்றிய கராஜில் விடுவதும் நல்லதல்ல. உறைகுளிரில் மெதுவாக நடக்கும் அரிப்பு அந்தச் சூட்டில் வேகமாகும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒன்று. கறள் தடுப்புக் கருவி பூட்டியது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், காரை மேலே தூக்கி, பிரேக் குழாய்களை விளக்கடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.