தள்ளுபடியில் எடுத்த கேமைப் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கோடைத் தள்ளுபடியோ டிசம்பர் தள்ளுபடியோ தொடங்கிவிட்டால் திருகோணமலைப் பொடியன்களின் வட்சப் குழுக்கள் சூடாகிவிடும். பகலில் அங்கே தொடங்கும் வாதம் மாலையில் டச்பே கடற்கரை மணலில் தொடரும். "செலெஸ்ட் அஞ்சு டொலருக்குப் போகுது மச்சான், யோசிக்காம எடு" என்று ஒருவன் சொல்வான். எடுத்தவன் மூன்றாம் நாள் வந்து, "கொன்ட்ரோலே சரியில்லாத கேமுக்கா என்னைக் காசு கட்ட வைச்சாய்?" என்று கேட்பான். "விளையாடத் தெரியாதவனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொருவன் எண்ணெய் ஊற்றுவான்.

இதில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒருவன் கேமைப் பற்றிப் பேசுகிறான், மற்றவன் தன் கீபோர்ட்டைப் பற்றிப் பேசுகிறான், மூன்றாமவன் தன் திறமையைப் பற்றிப் பேசுகிறான். ஆனால் மூவரும் பாவிப்பது 'நல்லாயிருக்கு', 'நல்லாயில்லை' என்ற இரண்டே சொற்களைத்தான். செலெஸ்ட் போல, ஓடுவதும் பாய்வதும் ஏறுவதுமே முழு வேலையாக உள்ள பிளாட்போமர் கேம்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதலாக வரும். கைக்கும் திரைக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு பொருளும் அங்கே தீர்ப்பில் கலந்துவிடுகிறது.

கீபோர்ட்டின் குற்றத்தைக் கேமின் தலையில் போடுவது

"பட்டனை அமத்தினேன், அவள் பாயவில்லை." செலெஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இதுதான். 2018 ஜனவரியில் வெளிவந்த இந்தக் கேமின் நாயகியை இயக்கும் நிரலைச் செய்தவர்களே பொதுவில் போட்டிருக்கிறார்கள். விரும்பினால் திறந்து வாசிக்கலாம். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் 0.1 வினாடி வரை பாய்வதற்கு அதில் அனுமதி இருக்கிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமத்திவிட்டாலும் கேம் அதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டவுடன் பாயவிடும். மேலே போகும்போது தலை ஒரு மூலையில் 4 பிக்சல் வரை இடித்தால், அவளை ஓரமாக நகர்த்தி மேலே அனுப்பிவிடும். பட்டனைப் பிடித்தபடி இருந்தால் பாய்ச்சலின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகக் குறையும். எங்கே இறங்குவது என்று யோசிக்க ஒரு கண நேரம் கிடைக்கும். இவ்வளவு விட்டுக்கொடுக்கும் ஒரு கேமில் கொன்ட்ரோல் சரியில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால், முதலில் வேறு இடங்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகநபர் கீபோர்ட். செலெஸ்ட்டில் மாற்றாமல் விட்டால் சி பாய்வதற்கு, எக்ஸ் காற்றில் ஒரு திசையில் சீறிச் செல்வதற்கு, இசட் சுவரைப் பிடிப்பதற்கு. சுவரைப் பிடித்தபடி மேல்வலது மூலைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு அம்புக்குறிகள், இசட், எக்ஸ் என்று நாலு சாவிகள் ஒரே நேரத்தில். விலை குறைந்த கீபோர்ட்டுகளிலும் பல லெப்டொப்புகளிலும் சாவிகள் உள்ளே மின்பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சில சேர்க்கைகளில் மூன்றாவது சாவி பதிவாகவே மாட்டாது. கணினிக்கே போய்ச் சேராத பட்டனுக்குக் கேம் எப்படிப் பாயும்? சாவிகளைச் சோதிக்கும் இலவச இணையப் பக்கங்களில் இரண்டு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம். பிரச்சினை அங்கேதான் என்றால் செட்டிங்ஸில் சாவிகளை வேறு இடத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

காசே கட்டாமலும் சோதிக்க வழி இருக்கிறது. செலெஸ்ட்டின் முதல் வடிவத்தை மேடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் நாலே நாளில் செய்தார்கள். அது இன்றும் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். அளவில் சின்னது, ஆனால் அம்புக்குறிகளும் எக்ஸும் சேரும்போது உங்கள் கீபோர்ட் என்ன செய்கிறது என்பதைக் காட்டிவிடும்.

அடுத்தது டிவி. லெப்டொப்பை வீட்டு டிவியில் மாட்டி விளையாடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. படத்தை அழகாக்கும் வேலைகளுக்காக டிவி கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. சில டிவிகளில் இந்தத் தாமதமே 0.1 வினாடியைத் தொடும். செலெஸ்ட் விளிம்பில் தருகிற சலுகை முழுவதையும் டிவியே தின்றுவிட்டது என்று அர்த்தம். டிவியின் மெனுவில் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஒரு தடவை விளையாடிப் பார்த்த பிறகு பேசலாம். புளூடூத் ஹெட்செட்டும் இப்படித்தான்: கை சரியாக வேலை செய்தாலும் சத்தம் பிந்தி வருவதால் எல்லாமே பிந்துவதுபோல இருக்கும்.

இவற்றைக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சினால், அது கேமின் இயல்பா, பிழையா என்று பார்க்க வேண்டும். லிம்போ என்ற புதிர்க் கேமில் வரும் பையனின் பாய்ச்சல் கட்டை. சூப்பர் மீட் போய் என்ற வேகமான கேமில் பழகிய கைக்கு அவன் நத்தைபோலத்தான் தெரிவான். ஆனால் லிம்போவின் புதிர்கள் அந்தக் கட்டைப் பாய்ச்சலைக் கணக்கில் வைத்தே கட்டப்பட்டவை. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், பிழை என்று சொல்ல இடமில்லை. பெரிய உலகமொன்றில் எதிரிகளோடு சண்டை போட்டுத் திரியும் ஹொலோ நைட் என்ற கேமில் சில இடங்களில் முன்னணியில் வரைந்த இலைகளும் நிழல்களும் எதிரியை மறைத்துவிடுகின்றனவே, அதைத் தாராளமாகப் பிழை என்று சொல்லலாம். நல்ல கேம் என்பதற்காக அதை ஏன் மூடிமறைக்க வேண்டும்?

"கஷ்டம்" என்று மொட்டையாகச் சொல்வது

செலெஸ்ட் கஷ்டம், ஹொலோ நைட்டும் கஷ்டம் என்பார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் அளக்க முடியாது. செலெஸ்ட்டில் செத்தால் அதே திரையில், கண் இமைக்கும் நேரத்தில் திரும்பவும் நிற்பீர்கள். இழப்பு சில வினாடிகள்தான், அதனால்தான் ஆயிரம் தடவை செத்தவர்கள்கூட அலுக்காமல் விளையாடுகிறார்கள். ஹொலோ நைட்டில் செத்தால் கடைசியாக உட்கார்ந்த வாங்கில் (கேமைச் சேமிக்கும் இருக்கையில்) எழும்புவீர்கள். கையிலிருந்த பணம் செத்த இடத்தில் ஒரு நிழலிடம் இருக்கும். அதை மீட்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் பணம் போனதுதான். பெரிய எதிரியிடம் தோற்றால், அவனிடம் போய்ச்சேரவே ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டும்.

வரைபடமும் அங்கே ஒரு சண்டைக்காரன். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். புதிதாகப் போன இடங்கள் அதில் ஏற, இறகுப் பேனாவும் வாங்கி, ஒரு வாங்கில் போய் உட்கார வேண்டும். தான் நிற்கும் இடம் தெரிய ஒரு திசைகாட்டித் தாயத்து வேண்டும், அதுவும் வேறொரு தாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஒருவர் "சரியான கஷ்டம்" என்றால், எது என்று கேளுங்கள். விரல் வேகம் போதவில்லையா, செத்த பிறகு நடக்கிற தூரமா, வழி தெரியாமல் அலைவதா? என் கணக்கில் ஹொலோ நைட்டின் வரைபடம் அந்தக் கேமின் மிகச் சிறந்த யோசனை. தொலைந்துபோகிற பயம் இல்லையென்றால் அந்த உலகத்துக்குப் பாதி உயிரும் இல்லை. ஆனால் எதிரியிடம் திரும்பத் திரும்ப நடக்க வைப்பது வெறும் நேர விரயம், அதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

"செய்தவர்கள் அப்படித்தான் நினைத்துச் செய்தார்கள், நீ குறை சொல்லாதே" என்பதும் வாதமாகாது. ஹொலோ நைட்டின் அடுத்த பாகமான சில்க்சோங் 2025 செப்டம்பர் 4இல் வந்தது. முதல் திருத்தத்திலேயே தொடக்கப் பகுதியின் சில எதிரிகளின் கடுமையை, அதைச் செய்த டீம் செரியே கொஞ்சம் குறைத்தது. மறுபக்கத்தில், செலெஸ்ட்டின் அசிஸ்ட் மோடைப் போட்டு விளையாடியவனைக் கள்ளன் என்பதும் வேண்டாத வேலை. வேகத்தைக் குறைப்பதும் சாகாமல் இருப்பதும் கேமே தருகிற வசதிகள். ஆனால் அதைப் போட்டு முடித்தவர் "இவ்வளவுதானா, சுகமாக இருந்ததே" என்று தீர்ப்புச் சொல்லும்போது எப்படி விளையாடினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

விலையைப் பார்த்து எடைபோடுவது

75 வீதத் தள்ளுபடி என்றதும் "விற்காத கேம், அதுதான் இந்த விலை" என்று சிலர் முடிவு கட்டுவார்கள். செலெஸ்ட்டின் வழக்கமான விலை அமெரிக்காவில் 19.99 டொலர், தள்ளுபடியில் 4.99க்கும் வந்திருக்கிறது. அதே கேம் 2018 த கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத கேம்) விருதை எடுத்தது. பல வருடம் ஆன கேமின் விலை இறங்குவது கடையின் வழமை, தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மணித்தியாலத்தால் வகுப்பதும் அதேபோலத் தவறு. லிம்போவும் இன்சைட் என்ற கேமும் மூன்று நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், ஹொலோ நைட் கதையை முடிக்கவே 25 மணித்தியாலம் போல வேண்டும். இன்சைடை இன்னும் பத்து மணித்தியாலம் இழுத்திருந்தால் அது கெட்டுத்தான் போயிருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறும் இருக்கிறது. கேம் பற்றித் தமிழில் வரும் வீடியோக்களில் பல சென்னை, கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவை. "வெறும் இருநூறு ரூபாய்" என்று அவர்கள் சொல்வது இந்திய ரூபாய், இந்தியாவுக்கான விலை. இலங்கைக் கணக்குக்கு ஸ்டீம் டொலரில்தான் விலை காட்டும். ஒரு டொலர் சுமார் 300 ரூபாய் என்று வைத்தாலும், வங்கி தன் மாற்று வீதத்தில் எடுப்பதால் கடைசியில் கழியும் தொகை இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். "அவன் இருநூறுக்கு எடுத்தான், எனக்கு ஆயிரத்துக்கு மேலே போச்சு" என்ற கோபத்தோடு விளையாடத் தொடங்கினால் எந்தக் கேமும் இனிக்காது. டேட்டாவையும் மறக்க வேண்டாம். செலெஸ்ட்டுக்கு 1.2 ஜிபி போதும், ஹொலோ நைட் டிஸ்க்கில் 9 ஜிபி இடம் கேட்கிறது.

அவசரப்படவும் தேவையில்லை. முந்தி ஸ்டீமில் சில மணித்தியாலத்துக்கு மட்டும் விலை இறங்கும் பழக்கம் இருந்தது, 2015 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெரிய தள்ளுபடியில் முதல் நாள் விலையும் கடைசி நாள் விலையும் ஒன்றுதான்.

வீதத்தை மார்க் என்று வாசிப்பது

ஸ்டீமில் 95 வீதம் என்றால் நூறுக்கு 95 மார்க் என்று அர்த்தமில்லை. ரிவியூ எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் 'பரிந்துரைக்கிறேன்' என்று அமத்தினார்கள், அவ்வளவே. "பரவாயில்லை, மலிவுதானே" என்று அமத்தியவரும் அதில் இருக்கிறார், உயிரை விடுகிறவரும் அதில் இருக்கிறார். தள்ளுபடிக் காலத்தில் முதல் வகை ஆட்கள் கூடுவது இயல்பு.

கீழே இறங்கிய வீதத்துக்கும் காரணம் தேட வேண்டும். சில்க்சோங் வந்தபோது சீன மொழி ரிவியூக்கள் மட்டும் தனியாகக் கீழே போயின. சீன மொழிபெயர்ப்பு சரியில்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆங்கிலத்தில் விளையாடும் நமக்கு அதனால் ஒன்றுமில்லை. அதற்குச் சற்று முன்புதான், 2025 ஓகஸ்ட்டில், ஸ்டீம் மொழிவாரியாக வீதத்தைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது.

திகதியையும் பாருங்கள். ஹொலோ நைட்டுக்கு 2017இலும் 2018இலும் நாலு இலவசச் சேர்க்கைகள் வந்தன. செலெஸ்ட்டுக்கு 2019 செப்டம்பரில் முழு அத்தியாயம் ஒன்றே இலவசமாக வந்தது. அதற்கு முந்திய ரிவியூ ஒன்றைத் தூக்கி வந்து இன்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

திருப்பிக் கொடுக்கும் வசதியைப் பிழையாகக் கணக்குப் போடுவது

வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். நிறுத்திவைத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போனாலும் அந்த நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கேமை மூடிவிட்டுப் போங்கள். தள்ளுபடிக்கு முதல்நாள் முழு விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு எடுப்பதையும் ஸ்டீம் தவறாக எண்ணுவதில்லை, விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த 2 மணித்தியாலம் இரண்டு கேமையும் தலைகீழாகக் காட்டும். ஹொலோ நைட்டின் தொடக்கம் மந்தமானது. வேகமாகப் பாய்ந்து செல்லும் சக்திகூட முதலில் கையில் இருக்காது, கிரீன்பாத் பகுதியில் ஹோர்னெட் என்ற எதிரியை வென்ற பிறகுதான் கிடைக்கும். அதற்குள் பலர் அலுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். செலெஸ்ட்டின் முதல் இரண்டு அத்தியாயமோ மெதுவாகக் கைபிடித்துக் கூட்டிப்போகும். "இது சுகம்" என்று வைத்துக்கொள்கிறவர் கடைசி மலையேற்றத்தில்தான் அலறுவார். எனவே ஹொலோ நைட் எடுக்க யோசிப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே யூடியூபில் நடுப்பகுதி விளையாட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். செலெஸ்ட்டுக்கும் அதேதான்: பின்பகுதி ஒன்றைப் பார்த்துவிட்டு, அவ்வளவு தடவை செத்துச் செத்து விளையாட உங்களுக்கு மனமிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.